எரிச்சலில் எரிந்த கார்

புறங்கையைத்தான் வைப்பார், உள்ளங்கையை வைக்கமாட்டார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, நிற்கிற காரின் பொனற்றில் வலது புறங்கையை வைத்துக் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நிற்பார். பிறகு "சூடில்லை" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போவார். முதலில் தன் கார், அடுத்தது என் கார், அதற்கப்பால் எதிர்வீட்டு வெள்ளைக்காரரின் கார். தபால்காரரின் சிவப்பு வான் வந்து நின்றால் அதற்கும் ஒருமுறை. ஓடி வந்த வான் சூடாகத்தானே இருக்கும்? "இது ஓடின சூடு. பயப்பிடாதை" என்று தபால்காரருக்குத் தமிழிலேயே சொல்லி அனுப்பிவைப்பார். அந்த மனிதரும் ஒன்றும் விளங்காமல் தலையாட்டிவிட்டுப் போவார்.

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தெருவின் காலை இப்படித்தான் தொடங்குகிறது. ஆளின் பெயர் சண்முகராசா. எனக்கு இடப்பக்கத்து வீடு. எனக்கு அவர்மேல் சரியான பொறாமை என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பொறாமை இல்லாத ஒருவர் எழுதியிருந்தால் இந்தச் சித்திரம் இன்னும் அழகாக வந்திருக்கலாம். ஆனால் அவரை என்னளவு உற்றுப் பார்த்தவர்கள் லண்டனில் வேறு யாரும் இல்லை.

ஆள் கட்டை. தலைமயிர் இன்னும் கறுப்பு. சாயம் இல்லை, நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். மேர்ட்டன் பக்கம் ஒரு பெற்றோல் ஷெட்டில் மனேச்சர். எவ்வளவு கழுவினாலும் கையில் மெல்லிய டீசல் மணம் நிற்கும். பஸ்ஸில் போனால் வழியிலுள்ள பெற்றோல் ஷெட்டுகளின் விலைப் பலகைகளை வாய்விட்டு வாசித்துக்கொண்டே போவார். கலியாணவீட்டுக்குப் போனால் மண்டபத்துக்குள் இருக்கமாட்டார். கார் நிறுத்துமிடத்தில்தான் நிற்பார். யார் எதில் வந்தார், எது சொந்தம், எது இரவல், போன கலியாணத்துக்கு வந்த கார் இதுவா வேறா என்று முழு விபரத்தையும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்துக்கு உள்ளே வருவார்.

இவ்வளவும் பொறாமைப்படுவதற்குரிய விடயங்கள் இல்லை. அவருடைய ராசிதான் என் பிரச்சினை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். என் பக்கத்தில் அது ஈரம் பிடித்துப் பூஞ்சணம் பூக்கிறது. அவர் பக்கத்தில் அதே சுவர் நேற்றுச் சுண்ணாம்பு பூசியது மாதிரிக் கிடக்கிறது. அவர் வைக்கும் கத்தரி லண்டன் வெயிலில் காய்க்கும். அவரிடமே கன்று வாங்கி நான் வைத்தால் பூவோடு நின்றுவிடும். கவுன்சில் ஆட்கள் குப்பையை எடுத்தபின் அவருடைய வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னுடையதை விழுத்திவிட்டுப் போகிறார்கள். இதற்கெல்லாம் யாரிடம் போய் முறையிடுவது?

நல்ல செய்தி சொல்லும்போது ஒரு முன்னறிவித்தல் கொடுப்பது அவர் வழக்கம். "எரியக்குடாது, ஒண்டு சொல்லுறன்" என்பார். சொல்லப்போவது கத்தரிக்காயாக இருக்கும், சம்பள உயர்வாக இருக்கும், குறைந்த விலையில் வாங்கிய விமானச் சீட்டாக இருக்கும். "எரியக்குடாது" என்று சொல்லிவிட்டு, எரிகிறதா என்று நம் முகத்தைப் பார்ப்பார்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டும். உங்களுக்கு எரிச்சல் என்றால் கோபத்தின் தம்பி. எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் எரிச்சல் என்றால் அடுத்தவன் நன்றாயிருப்பதைக் கண்டு வயிற்றுக்குள் வருவது. இந்தச் சிறு வித்தியாசத்தில்தான் சண்முகராசா அண்ணையின் தலை பிறகு போய் மாட்டிக்கொண்டது.

எரிச்சலைப்பற்றி அவரிடம் ஒரு சித்தாந்தமே உண்டு. அது பெற்றோல் ஷெட்டில் பிறந்தது. "பெற்றோல் ஆவி இருக்குதெல்லே, அது கண்ணுக்குத் தெரியாது. நிலத்தோட நிலமாய் வந்து நிக்கும். ஒரு பொறி காணும், பத்தியிடும். சனத்தின்ர எரிச்சலும் உப்பிடித்தான். ஆரும் கிட்ட வரத் தேவையில்லை." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பயம் இருக்காது. எரிச்சல் கூடக்கூட, தான் முன்னேறியிருப்பதாக அர்த்தம் என்று கணக்குப் போடுகிற மனிதர்.

காருக்கு வருகிறேன். அது என் கார்.

சட்டப்படி என்னுடையதில்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்தது நான். சட்டனில் ஒரு கார் விற்பனைக் கடையில், பாதி பெற்றோலிலும் பாதி மின்சாரத்திலும் ஓடுகிற, கரும்பச்சை நிறத்தில், அதிகம் ஓடாத ஒரு கார். நான் அதில் ஏறி இருந்தேன். கண்ணாடியை எனக்கேற்றபடி திருப்பினேன். விற்பனையாளரோடு ஒரு சுற்று ஓடியும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வது மரியாதைக்கு. கௌசி அதைப் "புழுக்கம்" என்பாள். கௌசி என் மனைவி. வாங்குவதா விடுவதா என்று புழுங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், வேலிக்கு மேலால் சண்முகராசா அண்ணையிடம் அந்தக் காரின் அருமை பெருமைகளைச் சொன்னேன். அவர் மிகவும் கவனமாகக் கேட்டார். கடையின் பெயரையும் கேட்டார்.

அடுத்த கிழமை அது அவர் வீட்டு வாசலில் நின்றது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், பொனற்றில் சந்தனப் பொட்டு. அவர் கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தார்.

"எரியக்குடாது வைத்தி, ஒண்டு சொல்லுறன். நீர் சொன்ன கார்தான். நீர் சொன்னதைவிட வடிவு."

நான் "நல்லாயிருக்குது அண்ணை" என்றேன். உள்ளே போனதும் கௌசி என்னைப் பார்த்துவிட்டு, "சன்னலைத் திறந்து விடுங்கோ, உங்கட மூஞ்சையில புகை வருது" என்றாள்.

அன்றுமுதல் என் முன்னறைச் சன்னல் எனக்கு வேலைத்தலமாகிவிட்டது. தேநீர்க் கோப்பையோடு நின்று அந்தக் காரைப் பார்ப்பேன். மழையில் ஒரு பச்சை, வெயிலில் இன்னொரு பச்சை. அவர் ஏறும்போது கண்ணாடியை அவருடைய கட்டை உயரத்துக்குப் பதித்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு உண்மையாகவே காந்தும். கடைக்காரரிடம் போய் அதே மாதிரி இன்னொன்று கேட்டிருக்கலாம்தான். எனக்கு இன்னொன்று வேண்டாம். எனக்கு அதுதான் வேண்டும்.

அது எரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். கார் வாங்கிய பனிக்காலம் இன்னும் முடியவில்லை. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கார் நின்றது, பூட்டியிருந்தது, திறப்பு அவர்கள் வீட்டுக்குள் ஆணியில் தொங்கியது. நான் சன்னலில் நின்றேன். மழை இல்லை, ஆனால் காரின் வைப்பர் இரண்டும் தாமாக எழுந்து ஒருமுறை ஆடின. பிறகு நின்றன. பிறகு மறுபடி ஆடின. முன்விளக்கு மினுங்கியது. கண்ணாடிக்குப் பின்னால், டாஷ்போட்டின் இடுக்கிலிருந்து சாம்பிராணிப் புகைபோல ஒரு நூல் எழும்பியது.

தீயணைப்புப் படைக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டே வெளியே ஓடினேன். அண்ணை இடுப்பில் கட்டிய சாரத்தோடு தோட்டத்துக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். அவர் மனைவி தவமலர் அக்கா பின்னால் ஓடி வந்து அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்தா. "இஞ்சாருங்கோ, தண்ணி ஊத்தாதேங்கோ, கறண்ட் அடிக்கும்!" ஹோர்ன் தானாக அலறத் தொடங்கியது. அது நிற்கவே இல்லை. அந்தக் கார் உதவி கேட்டுக் கத்துகிறது என்றே எனக்குப் பட்டது. ஹோர்ன் அடங்கும்போது கண்ணாடிகள் வெடித்து, கரும்பச்சை முழுக்கக் கறுப்பாகி இருந்தது. தீயணைப்புப் படையினர் வந்து நுரையடித்து அணைத்தார்கள்.

என் மனதில் முதலில் வந்தது இரக்கம் இல்லை. "நல்லகாலம், நான் வாங்கவில்லை" என்பதுதான் வந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாகச் சண்முகராசா அண்ணையைவிட எனக்கு ராசி நன்றாயிருந்தது. அந்தச் சந்தோசம் பின்னேரம்வரைதான் நின்றது. பின்னேரம் சனம் வரத் தொடங்கியது.

செத்தவீட்டுக்கு வருவதுபோல வந்தார்கள். லூயிஷாமிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். பிளாஸ்கில் கோப்பி, தட்டில் வடை. கருகிய காரைச் சுற்றி வந்து, உச்சுக்கொட்டி, படம் பிடித்துக்கொண்டு உள்ளே போய் இருந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் அண்ணை முதலிலிருந்து சொன்னார். சொல்லச் சொல்லத் தீயின் உயரம் கூடியது. முதலில் பொனற் அளவு, பிறகு வீட்டுக் கூரை அளவு. எனக்கு ஒரு நாளாவது அப்படி முப்பது பேர் காது கொடுத்ததில்லை. எரிந்துபோன காருக்கும் நான் பொறாமைப்பட்டேன்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். கண்ணூறு. ஊர்க்கண் பட்டுவிட்டதாம். அண்ணைக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பழுது என்றால் வெறும் நட்டம். கண்ணூறு என்றால் அது ஒரு பட்டம்.

டூட்டிங்கில் ஒரு நகைக்கடைக்கு மேல் அலுவலகம் வைத்திருக்கும் சட்டத்தரணி பாலேந்திராவிடம் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அண்ணையின் கேள்வி, காரைச் செய்தவன், விற்றவன், தவணைக்குக் காசு கொடுத்தவன் என்ற மூன்று பேரில் யாரைப் பிடிப்பது என்பது.

"காசு குடுத்தவனைப் பிடியுங்கோ" என்றார் பாலேந்திரா. "தவணை முடியுமட்டும் கார் அவன்ர பேரில. சட்டத்துக்கு உங்களுக்கு வித்தவனும் அவன்தான். வாங்கி ஆறு மாசத்துக்குள்ள பழுது வந்தால், வாங்கேக்கையே இருந்த பழுதெண்டுதான் எடுக்கும். இல்லையெண்டு காட்டவேண்டியது அவன்ர பாடு. மசியாட்டி, முறைப்பாடு விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனிட்டப் போவம்."

"இன்சூரன்ஸ்?"

"அவங்களுக்கும் அறிவியுங்கோ. ஆனால் எரிஞ்ச காரைத் தூக்கக் கேப்பாங்கள். ஒரு பொறியியலாளர் பாக்குமட்டும் விட்டிடாதேங்கோ. நசிச்சுப்போட்டாங்கள் எண்டால் சாட்சி போச்சு. வயர் கோளாறெண்டால் அந்தக் கரிக்குள்ளதான் இருக்கும்."

ஆகவே கார் நின்றது. வீட்டின் முன்வளவில் கறுத்து, உள்ளே பள்ளமாக, மழை பெய்தால் கரித்தண்ணீர் வழிய. தெருக்காரர்கள் கவுன்சிலுக்கு முறையிட்டார்கள். அண்ணை அதற்கு நீலத் தார்ப்பாய் ஒன்று போர்த்தி, காலையும் மாலையும் போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தார். இந்தப் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. எரிந்து முடிந்த காருக்கு எங்கிருந்து சூடு வரும் என்று நான் கேட்கவில்லை.

காப்புறுதி நிறுவனம் நடந்ததைத் தொலைபேசியில் பதிவுசெய்யவேண்டும் என்றது. அண்ணைக்கு ஆங்கிலம் தெரியாது என்றில்லை. பெற்றோல் ஷெட்டில் குடிகாரர்களோடும் பொலிசோடும் ஆங்கிலத்தில் மல்லுக்கட்டியவர். ஆனால் இது பதிவில் ஏறுகிற விடயம். "ஒரு சொல் பிசகினால் காணும், அதை வச்சே மடக்கிப்போடுவாங்கள். தமிழாக்கள் ஆரையும் போடச் சொல்லுவம்" என்று ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கினார். கிடைத்தது தமிழ்நாட்டுப் பெண், மரியாதையான குரல். பக்கத்தில் இருந்த தவமலர் அக்கா பின்னர் எனக்கு அதை அப்படியே இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினா.

"சார், தீ எப்படிப் பிடிச்சிருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?"

"என்னத்தைச் சொல்லுறது பிள்ளை. எங்கட சனத்தின்ர எரிச்சல்தான் எரிச்சது."

"யாரோ எரிச்சல்ல எரிச்சுட்டாங்கன்னு சொல்றீங்களா சார்?"

"ஓம் ஓம். எரிச்சல்தான். வேறென்ன?"

"அவங்க யாருன்னு தெரியுமா சார்?"

"ஒராள், ரண்டு பேரெண்டால் சொல்லலாம். சவுத் லண்டன் முழுக்க நிக்கிறாங்கள்."

அந்தப் பெண்ணில் பிழையில்லை. தனக்குத் தெரிந்த தமிழை உண்மையாக ஆங்கிலமாக்கினாள். தன்மேல் கோபம் கொண்ட சொந்தச் சமூகத்தவர்கள் பலர் சேர்ந்து காரைக் கொளுத்திவிட்டதாகச் சண்முகராசா சொல்கிறார் என்று பதிவாகியது.

அத்தோடு எல்லாம் கவிழ்ந்தது. காப்புறுதி நிறுவனம் அவருடைய இழப்பீட்டுக் கோவையைத் தீவைப்பு என்று மாற்றி விசாரணைக்குக் கொடுத்தது. தவணைக்குக் காசு கொடுத்த நிறுவனம், வேறு யாரோ கொளுத்தியதாக நீங்களே சொல்லியிருக்கும்போது எங்கள் காரில் என்ன பழுது என்று கேட்டது. பாலேந்திரா தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணை, வாயை வச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதோ?" எல்லாவற்றிலும் பெரிய அடி பெற்றோல் ஷெட்டில் விழுந்தது. மனேச்சரின் காருக்குத் தீவைப்பு விசாரணை நடக்கிறது என்று கேள்விப்பட்ட முதலாளி, விடயம் தெளியுமட்டும் வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார். கார் போய், இப்போது வேலையும் பேரும் ஊசலாடின. பெற்றோல் விற்கிறவனின் பெயர் தீவைப்போடு ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிறகு யார் அவனை வேலைக்கு வைப்பார்கள்?

"வாழ்க்கை முழுக்கப் பெற்றோலுக்கு நடுவில நிண்டனான். ஒரு தீக்குச்சி பத்தவிட்டதில்லை" என்று வேலியில் கையூன்றிக்கொண்டு சொன்னார். முன்னறிவித்தல் ஏதும் இல்லாமல் அவர் என்னோடு பேசியது அதுதான் முதல்தடவை. அந்தக் கிழமைகளில் "எரியக்குடாது" என்ற சொல்லையே நான் கேட்கவில்லை. கத்தரிக்கு நாற்றுப் போடவும் இல்லை. எனக்குப் பொறாமைப்பட ஒன்றும் மிஞ்சவில்லை. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை. சன்னலில் நின்றால் தேநீர் ருசிக்கவில்லை.

விசாரணைக்கு வந்தவர் நெட்டையான, களைத்த ஆங்கிலேயர். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. தொலைபேசி மொழிபெயர்ப்பில் சூடுபட்டவர்கள் என்பதால், தவமலர் அக்கா வேலிக்கு மேலால், "வைத்தி, ஒருக்கா வாரும், வடிவாய் இங்கிலிசில சொல்லிவிடும்" என்று என்னைக் கூப்பிட்டிருந்தா.

"பலர் சேர்ந்து எரித்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். யார் அவர்கள்?"

"எரிச்சதெண்டு எங்க சொன்னனான்? எரிச்சல் எண்டு சொன்னனான்" என்றார் அண்ணை.

நான் விளங்கப்படுத்தினேன். எரிச்சல் என்பது எங்கள் பேச்சில் பொறாமை, அது நெருப்பில்லை, ஒரு உணர்ச்சி என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பொறாமையும் கொளுத்துவதற்கு நல்ல காரணம்தானே என்றார். "சரி, உங்கள்மேல் பொறாமை உள்ளவர் யார்? ஒரு பெயராவது சொல்லுங்கள்."

அண்ணை சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தவமலர் அக்காவின் தையல் மெசினைப் பார்த்தார். அறையில் அவர் பார்க்காமல் விட்டது என்னை மட்டும்தான். அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வேலிக்கு மேலால் காரின் கதையைக் கேட்ட அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"பேர் சொல்ல ஏலாது" என்றார். "எல்லாரும் எங்கட ஆக்கள்."

"சொல்ல மறுத்தார் என்றுதான் நான் எழுதவேண்டியிருக்கும். அது உங்களுக்கு நல்லதில்லை."

"எழுதட்டும் வைத்தி. நான் ஆரையும் காட்டிக்குடுக்கேலாது."

விசாரணைக்காரர் பேனையின் மூடியைப் போட்டார். தவமலர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. என் வயிற்றுக்குள் அந்தப் பழைய சூடு எழும்பியது. இந்த மனிதனுக்குப் பெருந்தன்மைகூட என்னைவிட அதிகமாகக் கிடைத்திருக்கிறதே என்ற எரிச்சல்.

"நான்" என்றேன்.

விசாரணைக்காரர் என்னைப் பார்த்தார்.

"பொறாமை எனக்கு. அந்தக் காரை முதலில் பார்த்தவன் நான். இங்கேதான் எரியும்" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். "எரிச்சல் உள்ளவன் கொளுத்தமாட்டான் ஐயா. கொளுத்துகிறவனுக்கு வேறு சொல் இருக்கிறது. எரிச்சல் உள்ளவன் சன்னலில் நிற்பான். நான் நின்றேன்."

"எப்போது?"

"தினமும். அன்றைக்குக் காலையிலும். காரில் வைத்த கண்ணை எடுக்காமல்."

அவர் பேனை மூடியைக் கழற்றினார். யாரும் காருக்குக் கிட்ட வரவில்லை என்றும், மழையில்லாமல் வைப்பர் தானாக ஆடியது, முன்விளக்கு மினுங்கியது, புகை உள்ளேயிருந்து டாஷ்போட்டால் வந்தது என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தாலும், அவ்வளவு நேரம் அங்கே ஏன் நின்றாய் என்ற அடுத்த கேள்விக்கு என்ன சொல்வது? தீயணைப்புப் படைக்குத் தொலைபேசி எடுத்தது என் இலக்கத்திலிருந்துதான் என்பதை அவர் சரிபார்த்துக்கொண்டார். போகும்போது சப்பாத்தை மாட்டிக்கொண்டே, இப்படி ஒரு சாட்சி தனக்கு வேலையில் கிடைத்ததில்லை என்றார். அதைப் பாராட்டாக எடுப்பதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தொலைபேசிப் பதிவை யாழ்ப்பாணத் தமிழ் தெரிந்த இன்னொருவர் கேட்டுத் திருத்தினார். பாலேந்திரா பிடித்துத் தந்த பொறியியலாளர் ஒரு பெண். தார்ப்பாயை விலக்கி, பல்வைத்தியர் வைத்திருப்பது மாதிரிச் சின்னக் கண்ணாடியோடு கரிக்குள் தலையை விட்டவ, கனநேரம் கழித்து ஒரு வயரைக் காட்டினா. டாஷ்போட்டுக்குப் பின்னால், இரும்பு ஒன்றில் உரசி உரசித் தோல் போன வயர். நுனியில் செம்பு உருகிக் கடுகளவு மணிகளாகத் திரண்டிருந்தது. வெளியிலிருந்து வைத்த தீ என்றால் மின் பொறி பறந்த இந்தத் தடம் இந்த இடத்தில், இப்படி இருக்காது என்று விளக்கினா.

அண்ணை குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று நினைத்தேன். முதலில் வந்தது ஏமாற்றம்.

"ஒரு வயர்தானோ?" என்றார். சவுத் லண்டன் முழுவதும் சேர்ந்து எரித்த கார், ஒரு வயரில் எரிந்தது என்பதை அவரால் சீரணிக்க முடியவில்லை.

கார் வாங்கிய பிறகுதான் அந்த வயர் கெட்டது என்று காட்டத் தவணைக்குக் காசு கொடுத்த நிறுவனத்தால் முடியவில்லை. ஒம்புட்ஸ்மன்வரை போகாமலே இறங்கி வந்தார்கள். உடன்படிக்கையை முறித்து, கட்டியதைத் திருப்பிக் கொடுத்தார்கள். காப்புறுதிக் கோவையிலிருந்து தீவைப்பு என்ற சொல் போயிற்று. பெற்றோல் ஷெட் முதலாளி தானே வந்து கூட்டிக்கொண்டு போனார். நீலத் தார்ப்பாயோடு பாரவண்டி ஒன்று கரியைத் தூக்கிச் சென்றபோது, தெருவில் ஒரு பல்லு விழுந்து இடைவெளி வந்ததுபோல எனக்கு இருந்தது. கவுன்சிலுக்கு முறையிட்ட எதிர்வீட்டுக்காரர் கையசைத்து வழியனுப்பினார்.

இப்போது மறுபடி எல்லாம் பழையபடி. கத்தரி காய்க்கிறது. குப்பைவாளி நிமிர்ந்து நிற்கிறது. எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் உண்டு: நான் போன மாதம் ஒரு கார் வாங்கினேன். சாம்பல் நிறம். வாங்கி வந்த அன்றே, சாம்பல் நிறத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கௌசி அதற்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக்கூட இல்லை. "ஆர் இதைப் பாத்து எரியப்போகினம்?" என்றாள்.

போன சனிக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது பக்கத்து வாசலில் வேறொரு கார் நின்றது. வேறு கடையில் வாங்கியது. இந்தமுறை கடையை அவரே கண்டுபிடித்தார். ஆனால் நிறம் அதே கரும்பச்சை. வெயில் விழுந்து, இலைக்குள்ளால் வருகிற வெளிச்சம் மாதிரி இருந்தது. நான் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ.

"எரியக்குடாது" என்று முதுகுப் பக்கம் குரல் கேட்டது. ஆனால் வழக்கமாகத் தொடரும் "ஒண்டு சொல்லுறன்" வரவில்லை.

அண்ணை தன் கார்ப் பொனற்றில் புறங்கையை வைத்தார். "சூடில்லை." நடந்து வந்து என் சாம்பல் காரில் வைத்தார். "சூடில்லை." பிறகு எனக்கு முன்னால் வந்து நின்று, என் ஜக்கெற்றின் ஒரு பக்கத்தை விலக்கி, சட்டைக்கு மேலால் அதே புறங்கையை என் வயிற்றில் வைத்தார். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, கார்களில் வைப்பதைவிடக் கொஞ்சம் கூட நேரம் வைத்திருந்தார்.

பிறகு வெடுக்கென்று கையை இழுத்து, புறங்கையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் ஊதினார்.